எழுநூற்று எண்பதுக்கு முன்

பல் கட்டும் லேப் ஒன்று கடையைச் சாத்தியபோது
பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு வாங்கிய அடுப்பு இது.
கருப்பூரில் என் தகரக் கொட்டகைக்குள் நுழைகிறவர்கள்
கிராம்பு எண்ணெய் வாசனைக்குக் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள்.
வண்ணப்பொடியைக் குழைப்பது அந்த எண்ணெயில்தான்;
சீக்கிரம் காயாது, தூரிகையை இழுக்காது.
ஏற்கெனவே சுட்டு மெருகேறிய டைலின் மேல்
எழுதுவதில் ஒரு வசதி உண்டு:
மறுபடி சுடும்வரை எதையும் துடைக்கலாம்.

ஏற்காட்டுக்குப் போகிற பெயர்ப்பலகை.
ஆறங்குல வெள்ளை, கருநீல எழுத்து.
மரு. அ. இளவேனில்.
அடுத்த வரியில் கால்நடை மருத்துவர்.
கீழ் மூலையில், கேட்டு வாங்கியது,
மூக்கணாங்கயிறு இல்லாத ஒரு மாடு.

காலை ஐந்தே முக்கால். நானூற்றுப் பத்து டிகிரி.
புகை போக வைத்த செங்கல் துண்டைக் கதவிடுக்கிலிருந்து உருவி
இறுக்கச் சாத்தப் போகும்போது போன்.
"அக்கா, சுட்டாச்சா?"
"பாதி."
"அ வேண்டாம். பா போடுங்க."
யார் என்று நான் கேட்கவில்லை.
"பாவாயி," என்றாள் அவளே, "எங்கம்மா."
பின்னால் ஒரு கன்று கத்தியது,
அல்லது கொண்டை ஊசி வளைவில் ஏதோ பஸ்.
அப்பா பெயர் அர்த்தநாரி என்றாள். அதற்குமேல் பேச்சில்லை.
பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் பெயர்.
நானும் சொல்லிக்காட்டவில்லை.

சுவிட்சை அணைத்தேன்.
அவசரப்பட்டுத் திறந்தால் டைல் இரண்டாகும்.
ஒன்பதரை வரை
இட்லி, கரண்ட் பில்,
எதிர்வீட்டு லாரி பின்னால் வரும்போது பாடும் பாட்டு.

எண்ணெய் எரிந்து போயிருக்கும்.
வண்ணத்துக்குள் இருக்கும் கண்ணாடித்தூள் இன்னும் உருகியிருக்காது.
அந்த நேரத்தில் எழுத்து என்பது
எழுத்து மாதிரி உட்கார்ந்திருக்கிற பொடி.
தும்மினால் டாக்டரே போய்விடுவார்.
மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி,
வெள்ளைக்கல் ஏற்றிய லாரிகள் கடக்கும்வரை பொறுத்து,
முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஈரமில்லாத காதுக்குச்சியால் தொட்டேன்.

அ போனது.
முந்தின இரவு அதன் சுழிக்கு மட்டும்
மூன்று தடவை அழித்து எழுதியிருந்தேன்.
வயிறு வழுவழுவென்று, முதுகு நிமிர்ந்து,
நல்ல அ.
ஒரு நிழல்கூட மிச்சம் வைக்கவில்லை.
டைல் அதை உள்ளே விட்டிருக்கவே இல்லை,
வாசலில் நிற்க வைத்திருந்தது.

பா சுலபம் என்று நினைத்தேன். இரண்டு மூலை, ஒரு கால்.
ஆனால் அ இருந்த இடத்துக்குள் அது அடங்கவில்லை.
கால் போய்ப் புள்ளியை மிதித்தது.
புள்ளியையாவது அப்படியே விடலாம் என்றிருந்தேன்,
யார் பெயருக்குப் பின்னாலும் புள்ளி ஒரே புள்ளிதானே என்று.
ஆகவில்லை. அதையும் துடைத்தேன்.
பாவைச் சற்று ஒடுக்கி,
பக்கத்துப் பொடி எழுத்துகள் மேல் கை படாமல்
மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து எழுதி,
புள்ளியைப் புதிதாக வைத்தேன்.
கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

ராத்திரி, எழுநூற்று எண்பது.
துளைவழியே பார்த்தால் உள்ளே எல்லாம் ஆரஞ்சு.
பெயர் தெரியவில்லை. மாடும் தெரியவில்லை.

காலையில் கருநீலம் நனைந்தது போல் மின்னியது.
வழக்கப்படி நகத்தால் சுரண்டினேன்.
வரவில்லை.

வைக்கோல் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து
ஏற்காடு பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏற்றினேன்.
எழுத்து மாற்றியதற்குத் தனியாக எவ்வளவு என்றாள்.
கரண்டுக்கு நாற்பது என்றேன்.
நூறு அனுப்பினாள். புள்ளி பிடித்திருக்கிறதாம்.

அந்தக் காதுக்குச்சி, நுனியில் கரிநீலம்,
மேசையில் இரண்டு நாள் கிடந்தது.
நான் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை, கண்ணில் படவில்லை.
சனிக்கிழமை பெருக்கும்போது போனது.